பாடியவர் கையும் படியெடுத்தவர் கையும்

(தோப்பூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில், திருகோணமலைச் சுவாமிமலையில் நிற்கிற கோயிலைத் திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் பாடினார். கடல் தாண்டி வந்து பாடவில்லை. இராமேசுவரத்தில் நின்று பாடினார் என்பது மரபு. அந்தப் பதிகம் இன்றைக்கும் பாடப்படுகிறது. பண் புறநீர்மை என்று தெரியும். ஓதுவார்கள் அதைப் பூபாள இராகத்தில் பாடுகிறார்கள். ஆனால் சம்பந்தர் கைப்பட எழுதிய ஒரே ஒரு ஓலைகூட உலகத்தில் எங்கும் இல்லை. அவர் பாடப்பாடக் கூடவே இருந்து எழுதியவர் சம்பந்த சரணாலயர் என்று சைவ மரபு ஒரு பெயரைச் சொல்கிறது. அவர் எழுதிய ஓலையும் இல்லை. அதைப் பார்த்து எழுதியவரின் ஓலையும் இல்லை. பெயர் தெரியாத எத்தனையோ பேர், ஓலை பழுதாகப் பழுதாகப் புதிய ஓலையில் எழுதி எழுதிக் கைமாற்றியதுதான் கடைசியில் அச்சுக்கு வந்தது.

இப்போது இலண்டனுக்குப் போவோம். 2016 நவம்பர் 29ஆம் தேதி, சோதபீஸ் ஏல மண்டபம். குஸ்தாவ் மாலர் தன் கையால் எழுதிய இரண்டாவது சிம்பொனியின் மூலப்பிரதி ஏலத்துக்கு வருகிறது. 232 பக்கம். போன விலை 45 இலட்சம் பவுணுக்கு மேல். ஏலத்தில் விற்ற இசைக் கையெழுத்துப் பிரதிகளில் அதுவரை எதற்கும் அந்த விலை கிடைத்ததில்லை. அதற்கு முந்திய உச்சம் 1987இல் மொசார்ட்டின் ஒன்பது சிம்பொனிகள் அடங்கிய கட்டு, சுமார் 26 இலட்சம் பவுண். மாலரின் பிரதியை வைத்திருந்தவர் கில்பர்ட் கப்லன் என்ற அமெரிக்கப் பத்திரிகை அதிபர். இசையைத் தொழிலாகக் கற்றவரல்லர். அந்த ஒரு சிம்பொனியில் மனம் பறிகொடுத்து, வளர்ந்த வயதில் வாத்தியக் குழுவை நடத்தப் பழகி, உலகம் முழுவதும் அந்த ஒன்றையே நடத்திக்கொண்டு திரிந்தவர். 2016 பிறந்த அன்றே அவர் காலமானார். அந்த வருடம் முடிவதற்குள் பிரதி கைமாறியது.

இரண்டு உலகம் இவை. ஒன்றில் இயற்றியவரின் கை கிடைக்கிறது, விலை போகிறது. மற்றதில் அந்தக் கையே கிடைப்பதில்லை. கிடைக்காத இடத்தில் எதைத் தேடுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

மூலப்பிரதிக்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்பவருக்குப் பீத்தோவனைக் காட்டலாம். 2005 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்குப் பக்கத்திலுள்ள ஓர் இறையியல் கல்லூரியில், நூலகர் ஹெதர் கார்போ பழைய அலுமாரிகளைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார். கடைசித் தட்டில் 80 பக்கக் கட்டு ஒன்று கிடந்தது. பீத்தோவன் தன் கடைசிக் காலத்தில் எழுதிய ‘குரோஸ ஃபூக’ என்ற நால்வர் வாத்தியப் படைப்பை, ஒரே பியானோவில் இரண்டு பேர் வாசிக்கும்படி தானே மாற்றி எழுதிய பிரதி. 1890இல் பேர்லினில் ஏலம் போனதன் பிறகு 115 வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. அதே வருடம் டிசம்பரில் 11 இலட்சம் பவுணுக்கு மேல் விற்றது. வாங்கியவர் புரூஸ் கோவ்னர் என்ற செல்வந்தர். அடுத்த வருடமே தன்னிடமிருந்த மற்றப் பிரதிகளோடு சேர்த்து 139 உருப்படிகளை நியூயோர்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பக்கங்களில் பீத்தோவன் அடித்து, திருத்தி, சுரண்டி, மறுபடி எழுதியிருக்கிறார். சில இடங்களில் அழித்த வேகத்தில் தாளே ஓட்டை விழுந்திருக்கிறது. முற்றாகக் காது கேளாத ஒரு மனிதர், வேறொருவர் செய்து கொடுத்த மாற்றுவடிவம் பிடிக்காமல், நானே செய்கிறேன் என்று உட்கார்ந்து எழுதியது அது. அச்சிட்ட புத்தகம் முடிவை மட்டும் காட்டும். முடிவு எடுப்பதற்கு முன்னால் மனம் எங்கெல்லாம் போய்த் திரும்பியது என்பதைக் கையெழுத்துத்தான் காட்டும்.

இதை வேறு யாரையும்விட நன்றாக உணர்ந்த சேகரிப்பாளர் வியன்னா எழுத்தாளர் ஸ்டெபான் ஸ்வைக். பிரபலங்களிடம் ஒப்பம் வாங்கி வைக்கும் பழக்கத்தில் அவருக்கு மரியாதை இல்லை. ஒரு படைப்பு பிறந்துகொண்டிருக்கும் தாள்தான் அவருக்கு வேண்டும். மொசார்ட் 1784இல் தொடங்கிச் சாகும்வரை தன் படைப்புகளை வரிசையாகக் குறித்து வந்த சிறு கொப்பி அவரிடம் இருந்தது. நாஸிகளால் நாடிழந்து, 1942இல் பிரேசிலில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய இசைப் பிரதிகளை வாரிசுகள் 1986இல் பிரித்தானிய நூலகத்துக்குக் கொடுத்தார்கள்.

ஆசை முற்றினால் என்ன நடக்கும் என்பதற்கும் மொசார்ட்டிடமே உதாரணம் உண்டு. 1958இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் அவருடைய இரங்கல் பூசை இசையின் மூலப்பிரதி வைக்கப்பட்டிருந்தது. யாரோ ஒருவர் கடைசித் தாளின் மூலையைக் கிழித்துக்கொண்டு போய்விட்டார். அந்த மூலையில் சில எழுத்துகள்தான் இருந்தன. சாகக் கிடந்த மொசார்ட்டின் கை கடைசியாக எழுதிய சொற்கள் அவையாக இருக்கலாம் என்று கருதுபவர்கள் உண்டு. துண்டு இன்றுவரை திரும்பி வரவில்லை. இப்படிப்பட்டவரைச் சேகரிப்பாளர் என்று சொல்ல நா கூசுகிறது.

இனித் தமிழ்நாட்டுக்கு வரலாம். திருவையாற்றுத் தியாகராஜர் 1767இல் பிறந்து 1847இல் மறைந்தவர். பீத்தோவன் பிறந்தது 1770இல், இறந்தது 1827இல். ஒரே காலத்து ஆட்கள். பீத்தோவன் இறந்த அதே வருட நவம்பரில் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் வியன்னாவில் ஏலம் போயின. பதிப்பாளர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். தியாகராஜர் வீட்டிலிருந்து ஏலம் விட அப்படி எதுவும் இல்லை. அவர் பாடினார், மாணவர்கள் கேட்டு எழுதிக்கொண்டார்கள். இன்று ஏறத்தாழ 700 கிருதிகள் கிடைக்கின்றன என்றால், அவை உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று மூன்று ஊர்ப் பெயர்களால் அறியப்படும் சீடர் பரம்பரைகள் வழியாக வந்தவை.

அந்தச் சீடர்களில் வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதரிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். 1781இல் பிறந்து 1874 வரை வாழ்ந்தவர். நெசவுத் தொழிலுக்குப் பேர்போன சௌராஷ்டிர சமூகத்தைச் சேர்ந்தவர். குருவின் பாட்டுகளை ஓலையிலும் தாளிலும் எழுதி வைத்தார். அவருடைய மகன் கிருஷ்ணசாமி பாகவதர் அதைத் தொடர்ந்தார். அந்தச் சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையிடம் போய்ச் சேர்ந்தன. தியாகராஜரைப் பற்றி ஆராய்கிற எவரும் ஒருநாள் அந்த வாசலில் நிற்காமல் முடியாது. மாலரின் பிரதியைப் போல அவற்றை ஏலத்தில் விட்டால் என்ன விலை போகும் என்று கணக்குப் பார்த்தால் ஒன்றும் தேறாது. இயற்றியவர் கை அல்லவே! ஆனால் அந்தக் கொப்பிகள் கறையானுக்குப் போயிருந்தால், அந்த ஒரு பரம்பரை மட்டும் காப்பாற்றிய பாடங்களும் சேர்ந்தே போயிருக்கும்.

ஐரோப்பாவிலும் இப்படி நடந்ததுண்டு. அதை அவர்கள் அதிகம் பேசுவதில்லை. செல்லோ வாத்தியக்காரர் எவரும் வாசிக்காமல் விடாத பாக்கின் ஆறு தனிவாத்தியத் தொகுதிகளுக்கு அவர் எழுதிய மூலப்பிரதி கிடையாது. மனைவி அன்னா மக்தலேனா பார்த்தெழுதிய பிரதிதான் முதன்மை ஆதாரம். அதில் வில்லை எங்கே இழுக்க வேண்டும் என்ற குறிகள் தெளிவாக இல்லாததால் வாசிப்பவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். வங்காளத்திலோ நிலைமை இன்னும் வேடிக்கை. தாகூர் பாட்டு ஒன்றுக்கு மெட்டுப் போட்டவுடன் உறவினர் தினேந்திரநாத்தை அழைத்து அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்வாராம். இல்லாவிட்டால் தமக்கே மறந்துவிடும். சொற்களை எழுதியது ஒரு கை, சுரங்களை எழுதியது இன்னொரு கை. எதை மூலம் என்பது?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு முழு வாழ்க்கையையே விடையாகக் கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஏ. எம். சின்னசாமி முதலியார். தமிழ்க் கிறித்தவர், சென்னையில் அரசாங்கச் செயலகத்தில் உத்தியோகம். கர்நாடக இசையை ஐரோப்பியக் கோட்டுச் சுரக்குறியில் எழுதி அச்சிட்டால் உலகம் முழுவதும் வாசிக்கும் என்று நம்பினார். வாலாஜாபேட்டைக் கிருஷ்ணசாமி பாகவதரைத் தேடிப் பிடித்து, தியாகராஜரின் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு எழுதி, 1892 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார். கைக்காசு கரைந்தது, கண்பார்வையும் போனது. முடியாத வேலையோடு அவர் எட்டயபுரத்துக்கு வந்து, அங்கிருந்த சுப்பராம தீட்சிதரிடம் உள்ளதையெல்லாம் எழுதிக் கொடுக்கச் சொல்லும்படி ஜமீன்தாரிடம் மன்றாடினார்.

சுப்பராம தீட்சிதர் இலேசில் இசைந்தவரல்லர். அவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரன். தாத்தாவே மகனாகத் தத்தெடுத்துக்கொண்டார். வீட்டுச் சொத்தாக வந்த வித்தையை ஊருக்குக் கொடுப்பதா என்ற தயக்கம் அந்தக் காலத்து வித்துவான்கள் எவருக்கும் இருந்ததுதான். ஜமீன்தார் சொல்லியபின் மறுக்க முடியவில்லை. எழுத உட்கார்ந்தார். 1904இல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ வெளிவந்தது. தெலுங்கில், இரண்டு பெரிய பாகங்களாக. சுரத்தைச் சும்மா எழுதாமல், அதை எப்படி அசைக்க வேண்டும் என்பதற்குத் தனித்தனிக் கமகக் குறிகள் வைத்தார். முத்துசுவாமி தீட்சிதரின் 229 கிருதிகள் அதில் இருக்கின்றன. இரண்டு வருடம் கழித்து, 1906இல், அவர் இறந்தபோது எட்டயபுரத்துக்காரரான பாரதி இரங்கற்பா எழுதினார்.

அந்த 229 என்ற எண்ணோடு ஒரு வழக்கும் பிறந்தது. பிற்காலப் பதிப்புகளில் முத்துசுவாமி தீட்சிதரின் பேரில் வந்த பாட்டுகளின் எண்ணிக்கை 400ஐத் தாண்டியது. கூடுதலாக வந்தவற்றில் எவை அவருடையவை, எவை அவர் முத்திரையைப் போட்டு வேறு யாரோ செய்தவை என்று வித்துவான்கள் இன்றும் பேசித் தீரவில்லை. கையெழுத்துப் பிரதி இருந்தால் ஒரு நாளில் தீர்ந்துவிடும் வழக்கு. அது இல்லாததால், ‘இந்தப் பாட்டு உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது, அவருக்கு யார்’ என்ற விசாரணைதான் மிச்சம். பாட்டுக்குப் பத்திரம் இல்லை, பரம்பரைதான் சாட்சி.

தாள் இருந்தாலும் ஏமாற்று நடக்காமலில்லை. 1993 டிசம்பரில் ஹைடனின் தொலைந்துபோன ஆறு பியானோ சொனாட்டாக்கள் அகப்பட்டுவிட்டன என்று பெரிய அறிஞர்களே பறைசாற்றினார்கள். ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரத்து வின்பிரீட் மிஷல் என்ற குழலிசை ஆசிரியர் அவற்றை ஒரு மூதாட்டியிடம் கண்டதாகச் சொல்லியிருந்தார். காட்டியதெல்லாம் போட்டோக் கொப்பி. மூலத்தைக் காட்டுங்கள் என்றபோது மூதாட்டிக்கு விருப்பமில்லையாம். சில நாளில் குட்டு வெளிப்பட்டது: எழுதியது ஹைடன் அல்லர். ஆனாலும் பாட்டு நன்றாயிருந்தது என்பதை ஏமாந்தவர்கள் கடைசிவரை மறுக்கவில்லை. ஹைடனைப் போல எழுதத் தெரிந்த ஒருவர் தன் பெயரில் எழுதியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள் என்பது சேகரிப்பு உலகம் விழுங்கிக்கொள்ள வேண்டிய கசப்பு.

எழுத்து பத்திரமாக இருந்தும் இசை போய்விடுவதுண்டு. திருப்பதி அன்னமாச்சாரியாரின் பாட்டுகளைச் செப்பேடுகளில் வெட்டித் திருமலைக் கோயிலுக்குள் ஒரு சிற்றறையில் வைத்தார்கள். சுமார் 14,000 பாட்டு. செம்புக்குக் கறையான் பயம் இல்லை, நெருப்புப் பயமும் அதிகமில்லை. 1922இல் சாது சுப்பிரமணிய சாஸ்திரி அவற்றை வெளியே எடுத்து ஆராயத் தொடங்கியபோது சொல் அப்படியே இருந்தது. தலைப்பில் இராகத்தின் பெயரும் இருந்தது. மெட்டு மட்டும் இல்லை. இன்று கச்சேரிகளில் கேட்பவை இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மாவும் அவருக்குப் பின்வந்தவர்களும் புதிதாக அமைத்த மெட்டுகள். இதற்கு நேர்மாறு புதுக்கோட்டைப் பக்கத்துக் குடுமியான்மலை. அங்கே பாறையில் ஏழாம் நூற்றாண்டு எழுத்தில் சுரங்கள் மட்டும் வரிவரியாக வெட்டப்பட்டிருக்கின்றன. சொல்லே கிடையாது. எப்படி வாசிப்பது என்று கேட்டுச் சொல்லக்கூடிய மாணவப் பரம்பரை அறுந்துபோனதால் அது அறிஞர்களின் புதிராகவே நிற்கிறது.

செம்பும் கல்லும் செய்ய முடியாததை எது செய்யும்? திருமுறை கண்ட புராணம் ஒரு விடை வைத்திருக்கிறது. தில்லையில் பூட்டிக் கிடந்த அறையைச் சோழ மன்னன் திறந்தபோது, ஏடுகளைக் கறையான் மூடியிருந்ததாம். அரித்தது போக எஞ்சியதை நம்பியாண்டார் நம்பி தொகுத்தார். சொல் கிடைத்துவிட்டது. பண்? அதற்காக எருக்கத்தம்புலியூருக்குப் போய், சம்பந்தரோடு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் வழியில் வந்த ஒரு பெண்ணைக் கண்டு, அவரைக் கொண்டு பண்ணை வகுத்தார்கள் என்கிறது அந்தப் புராணம். நடந்ததோ நடவாததோ, சேகரிப்பு வேலையின் முழு இலக்கணமும் அந்தக் கதையில் இருக்கிறது. ஏட்டைத் தேடியவர்கள் ஏட்டோடு நிற்கவில்லை. பாடத் தெரிந்த வீட்டையும் தேடிப் போனார்கள். மன்னனின் பெயரும் நம்பியின் பெயரும் நிலைத்தன. அந்தப் பெண்ணின் பெயரைப் புராணம் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

நம் கிழக்குக்கு வந்தால், இந்த வழியில் நடந்த முதல் பெரியவர் சுவாமி விபுலானந்தர். காரைதீவில் 1892இல் பிறந்து, 1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியையும் நடத்தியவர். பழைய யாழ்களின் சுருதிக் கணக்கைச் சிலப்பதிகாரத்திலிருந்தும் அதன் உரைகளிலிருந்தும் மீட்டெடுக்கப் பல வருடம் உழைத்தார். ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் மறைந்தார். அவரிடம் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்த ம. மு. உவைஸ் பிறகு இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தைத் தேடித் தொகுப்பதையே வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார். காரைதீவுத் துறவி வளர்த்த மாணவர் பாணந்துறை முஸ்லிம். அவர் தேடிய ஏடுகளோ காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் காத்தான்குடியிலும் கிடந்தன. கிழக்கில் இருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அதே வழியில் நடந்த இன்னொருவர் தி. சதாசிவ ஐயர், யாழ்ப்பாணத்துக்காரர். கல்வித் திணைக்களத்தில் வித்தியாதரிசியாக மட்டக்களப்புக்கு வந்தவர், பள்ளிக்கூடம் பார்க்க வந்த இடத்தில் வசந்தன் ஆட்டத்துப் பாட்டுகளைச் சேர்த்தார். 1940இல் ‘மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு’ அச்சானது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘அலங்காரரூபன் நாடகம்’ என்ற கூத்தைப் பதிப்பித்தார். கூத்துப் பழக்குகிற அண்ணாவிமார் வீட்டில் மட்டும் கிடந்த பாடம் அதன்பின்தான் பல்கலைக்கழக மேசைக்கு ஏறியது.

கூத்துக் கொப்பி விசித்திரமான பொருள். கூத்துப் பழக்கத் தொடங்கும்போது அண்ணாவியார் ‘சட்டம் கொடுத்தல்’ என்று ஒரு சடங்கு நடத்துவார். தருமருடைய பாட்டும் வசனமும் தருமருக்கு ஆடுபவர் கையில், வீமனுடையது வீமனுக்கு ஆடுபவர் கையில் என்று எழுதிப் பிரித்துக் கொடுப்பது. முழுப் பாடமும் அண்ணாவியாரிடம் மட்டும். ஆகவே ஒரு வீட்டில் ஒரு பாத்திரத்தின் கொப்பி மட்டும் கிடைத்தால் அது குறைப்பிரதி என்று தள்ளிவிடக் கூடாது. அண்ணாவியாரின் கொப்பி அழிந்துபோன ஊரில், பத்து வீட்டுச் சட்டங்களைப் பொறுக்கிச் சேர்த்தால் கூத்து முழுதாக எழுந்துவிடும். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியையும் இப்படித்தான் சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது குண்டுக்குப் பயந்து பேர்லினிலிருந்து வெளியே அனுப்பிய அதன் மூலப்பிரதி துண்டு துண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி போலந்தின் கிராகோவில் அகப்பட்டது. போலந்து அரசு 1977இல் அதைக் கிழக்கு ஜெர்மனியிடம் கொடுத்தது. அதன்பின் பேர்லின் சுவர் விழும்வரை ஒரு சிம்பொனி சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்தது.

கூத்துக் கொப்பியில் சுரம் இராது. பாத்திரம் களரிக்கு வரும் இடத்தில் தாளக்கட்டு எழுதியிருக்கும். விருத்தம், தரு, கொச்சகம் என்று பாவகை இருக்கும். மெட்டு அண்ணாவியாரின் தொண்டையில்.

முஸ்லிம் ஊர்களின் பாட்டுக் கொப்பிகளும் ஏறத்தாழ அப்படித்தான். களிகம்பு பழக்குகிறவரையும் கிழக்கில் அண்ணாவியார் என்றே அழைக்கிறார்கள். பைத்து, முனாஜாத்து, மாலை என்று எழுதிய கொப்பிகளில் பாட்டின் தலையில் ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று மட்டும் போட்டிருக்கும். எழுதிய நாளில் அது போதும், அந்தப் பாட்டு எல்லார் வாயிலும் இருந்தது. அறுபது வருடம் போனபின் மேற்கோள் காட்டிய பாட்டே மறந்துவிட்டால் இரண்டும் சேர்ந்து ஊமையாகிவிடும். காயல்பட்டினம் காசிம் புலவரின் திருப்புகழ் போன்றவை தப்பிக்கும். அவற்றின் சந்தமே பாதித் தாளத்தைச் சொல்லிவிடும். அரபுத்தமிழில் எழுதியவற்றுக்குத்தான் ஆபத்து அதிகம். தமிழை அரபு எழுத்தில் எழுதுவதை மூத்தம்மா ஓதிப் படித்திருப்பார். பேரனுக்கு அது குர்ஆன் கிதாபா பாட்டுக் கொப்பியா என்றே தெரியாது. ஓத வேண்டிய எழுத்து ஆயிற்றே என்ற பயபக்தியில் கிணற்றிலோ ஆற்றிலோ விட்டுவிடுகிறார்கள். மரியாதையால் அழியும் சுவடிகள் அவை.

அழிவுக்கு இந்த மாவட்டத்தில் காரணம் தேட வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2006 ஆகஸ்டில் போரால் மூதூரிலிருந்தும் தோப்பூரிலிருந்தும் சனம் கந்தளாய்ப் பக்கம் நடந்தது. அதே வருடம் சம்பூர்ச் சனம் எழும்பிப் போய் ஒன்பது வருடத்துக்கு மேல் ஊர் பார்க்கவில்லை. பிள்ளையைத் தூக்குவதா, காணி உறுதியைத் தேடுவதா என்று நிற்கிற நேரத்தில் றங்குப்பெட்டியின் அடியில் கிடக்கும் பாட்டுக் கொப்பியை யார் நினைப்பார்? 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது போன 97,000 நூல்களைப் பற்றி உலகம் பேசுகிறது. வீட்டுக்கு ஒன்றாகப் போனவற்றுக்கு எண்ணிக்கை கிடையாது.

ஆனாலும் மிச்சம் இருக்கிறது. தேடப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது கொப்பியை அல்ல, ஆளை: இந்த ஊரில் பழைய பாட்டுத் தெரிந்தவர் யார்? கொப்பி காட்டுகிற வீட்டில், அதைப் பார்த்துப் பாடக்கூடிய ஒரு மூத்தவர் இருந்தால், அன்றைக்கே கைபேசியில் அவர் குரலைப் பதிய வேண்டும். கொப்பி இன்னும் பத்து வருடம் கிடக்கும். அவருக்கு வயது எண்பது. பதியும்போது நடுவில் மறந்து நின்றாலும் நிறுத்தக் கூடாது. மறந்த இடத்தில் அவர் எதைச் சொல்லித் தேடுகிறார் என்பதிலும் சங்கதி இருக்கும்.

பிறகு படம் எடுப்பது. வெயிலில் வைக்காமல், திண்ணை வெளிச்சத்தில், அட்டையிலிருந்து அட்டைவரை ஒரு பக்கமும் விடாமல். வெற்றுப் பக்கம், கடன் கணக்கு எழுதிய பக்கம், பிள்ளை கிறுக்கிய பக்கம் எல்லாமே வேண்டும். ஓலைச்சுவடியின் கடைசியில் எழுதினவர் பெயர், ஊர், நாள் இருப்பதுபோல, பழைய சீ.ஆர். கொப்பியின் பின்னட்டையிலும் ஒரு பெயர் இருக்கக்கூடும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டுவது பெரிய கேடு. சில வருடத்தில் பழுப்பேறி எழுத்தையே தின்றுவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லமினேற் செய்வது அதைவிடக் கேடு. திரும்பக் கழற்ற முடியாது. அமிலமில்லாத தாள் கிடைத்தால் அதில் சுற்றலாம், கிடைக்காவிட்டால் துவைத்த பருத்தித் துணி. நிலத்தில் வைக்காமல் உயரத்தில் வைத்து, மாரி தொடங்குமுன் ஒருதடவை திறந்து காற்றுப் பிடிக்க வைத்தால் போதும்.

படியெடுத்து எழுதுகிற மாணவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். கொப்பியில் ‘றாகம்’ என்று இருந்தால் ‘றாகம்’ என்றே எழுதுங்கள். கேள்விப்படாத பெயர் ஒன்று இருந்தால் தெரிந்த பெயராக மாற்றிவிடாதீர்கள். ஆசிரியர்மார் கோபிக்கக் கூடாது: அவர்களுடைய சிவப்புப் பேனை இந்த வேலைக்கு வேண்டாம்.

கடைசியாக, கொப்பி யாருக்குச் சொந்தம் என்ற விசயம். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய ஆவணகத்துக்கு மின்பிரதியைக் கொடுக்கலாம். பள்ளிக்கூட நூலகத்தில் இன்னொரு பிரதி வைக்கலாம். மூலத்தை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை. ஆராய்ச்சிக்கென்று வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுக்காமல் விட்டவர்களால்தான் பல வீடுகளில் இன்று கொப்பி இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறார்கள். படம் எடுத்த அன்றே வீட்டாருக்கும் ஒரு பிரதி கொடுத்து, எழுதினவர் பெயரோடு பாடிக் காட்டியவர் பெயரையும் எப்படிப் போட வேண்டும் என்று அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பெண் பெயரைப் போட வேண்டாம் என்று வீட்டில் சிலர் சொல்வார்கள். அந்தப் பேச்சை மட்டும் கொஞ்சம் பொறுமையாக, இரண்டாம் தடவையும் போய் உட்கார்ந்து, பாடியவரிடமே கேட்டுப் பேசிப் பார்க்கலாம்.